டயகனல்ல ஆரம்பிச்சு பேண்டட் மேட்ரிக்ஸ் வரைக்கும்: பேருங்கள குழப்பமில்லாம புரிஞ்சிக்க முழு வழிகாட்டி

வேலூர், காட்பாடி பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பசங்க, ஊரீஸ், முத்துரங்கம் மாதிரி காலேஜ்ல பி.எஸ்சி மேத்ஸ் படிக்கிறவங்க, இவங்க நிறைய பேர் லீனியர் அல்ஜீப்ரால கணக்கு நல்லாவே போடுவாங்க, காஸ் எலிமினேஷன் குடுத்தா கட கடன்னு முடிச்சிடுவாங்க, ஆனா கேள்வியில "அப்பர் பைடயகனல்", "லோயர் பேண்ட்வித் 2"ன்னு ஒரு பேரு வந்துட்டா பேனா அங்கயே நின்னுடும். அதுக்குக் காரணம் அவங்க இல்ல. புக்ல இந்தப் பேருங்கள எல்லாம் தனித்தனி டெஃபனிஷனா, தனித்தனி சாப்டர்ல, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி குடுத்து வெச்சிருக்காங்க. உண்மையில இந்தப் பேரு எல்லாமே ஒரே ஒரு கழித்தல் கணக்குல இருந்து வருது, அத பிடிச்சிட்டா மனப்பாடமே தேவையில்ல. அதத்தான் இங்க ஒவ்வொரு படியா சொல்லப்போறேன். பேப்பர், பேனா எடுத்து வெச்சிகினு கூடவே போட்டுப் பாருங்க, வெறுமனே படிச்சா இது ஒட்டாது.

நிரைன்னா ரோ, நிரல்னா மேல இருந்து கீழ வர்ற காலம், ஸ்கூல் புக்ல இருக்கிற அதே வார்த்தைங்கதான். உறுப்போட இடத்த சொல்லும்போது எப்பவுமே நிரை முதல்ல, நிரல் ரெண்டாவது. (2, 5)ன்னா ரெண்டாவது நிரை, அஞ்சாவது நிரல்.

படி 1: நிரல் நம்பர்ல இருந்து நிரை நம்பர கழிங்க

ஒரு 5க்கு 5 மேட்ரிக்ஸ் எடுத்துக்கோங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் நிரல் நம்பர் கழித்தல் நிரை நம்பர் எவ்ளோன்னு எழுதுங்க. (1, 1)ல 0, (1, 2)ல 1, (2, 1)ல −1, இப்படியே எழுதினா கிடைக்கிறது இது:

 0   1   2   3   4
−1   0   1   2   3
−2  −1   0   1   2
−3  −2  −1   0   1
−4  −3  −2  −1   0

கொஞ்ச நேரம் இதையே பாருங்க. ஒரே நம்பர் எல்லாம் மேல் இடதுல இருந்து கீழ் வலதுக்கு சாய்வா ஒரே கோட்டுல நிக்குது. அந்த ஒவ்வொரு சாய்வுக் கோடும் ஒரு டயகனல். கோட்டுல இருக்கிற நம்பர்தான் அந்த டயகனலோட நம்பர், புக்லயும் சாஃப்ட்வேர்லயும் இதுக்கு "கே"ன்னு ஒரு எழுத்து போடுவாங்க, "கே-வது டயகனல்"னு சொல்றது இதத்தான். மேல் பக்கம் ப்ளஸ், கீழ் பக்கம் மைனஸ். கணக்கு போடுற சாஃப்ட்வேரான மேட்லேப்ல "டயக்" கமாண்டுக்கு ரெண்டாவதா ஒரு நம்பர் குடுப்போமே, பைத்தானோட நம்பை லைப்ரரில "ஐ", "ட்ரை யூ", "ட்ரை எல்" எல்லாத்துலயும் ஒரு "கே" வருமே, எல்லாமே இதே நம்பர்தான், இதே ப்ளஸ் மைனஸ்தான்.

5க்கு 5ல மொத்தம் எத்தன டயகனல்? −4ல இருந்து 4 வரைக்கும், அதாவது 9. பொதுவா என்-க்கு-என் மேட்ரிக்ஸ்ல 2 என் − 1. ஒரு டயகனல்ல எத்தன உறுப்பு இருக்கும்னா, என்-ல இருந்து அந்த டயகனல் நம்பர (மைனஸ விட்டுட்டு) கழிச்சா வரும். நடுக்கோட்டுல 5, அடுத்த ரெண்டுலயும் 4, 4, அப்புறம் 3, 3, 2, 2, 1, 1. கூட்டினா 25, சரியா வருது. இந்த எண்ணிக்க பின்னாடி மெமரி கணக்குக்கு வேணும்.

படி 2: கோடுங்களோட பேரு

கழிச்சா 0 வர்ற கோடு மெயின் டயகனல். இதையே பிரின்சிபல் டயகனல், லீடிங் டயகனல்னும் எழுதுவாங்க, மூணும் ஒண்ணுதான். தமிழ் மீடியம்ல முதன்மை மூலைவிட்டம். இதுல இருக்கிற உறுப்புங்கள கூட்டினா வர்றது ட்ரேஸ்.

1 வர்ற கோடு சூப்பர்டயகனல், −1 வர்ற கோடு சப்டயகனல். 2 வந்தா செகண்ட் சூப்பர்டயகனல், −2 வந்தா செகண்ட் சப்டயகனல், இப்படியே போகும். சில புக்ல சூப்பர்டயகனலுக்கு பதிலா சுப்ராடயகனல்னு இருக்கும், பதற வேணாம், அதேதான்.

"ஆஃப்-டயகனல்"னு ஒண்ணு வரும், இதுலதான் நிறைய பேர் சறுக்குறாங்க. சாதாரணமா அதுக்கு அர்த்தம் மெயின் டயகனல்ல இல்லாத எல்லா உறுப்பும், அதாவது அது ஒரு கோடு கிடையாது, 0 தவிர மீதி அத்தனையும். ஆனா ட்ரைடயகனல் மேட்ரிக்ஸ் பத்தி பேசிகினு இருக்கும்போது "ஆஃப்-டயகனல் எலிமெண்ட்ஸ்"னு சொன்னா சூப்பர்டயகனல், சப்டயகனல்ல இருக்கிறதுங்கதான், ஏன்னா அங்க பூஜ்யமில்லாம இருக்க வாய்ப்பிருக்கிறது அது மட்டும்தானே. எந்த இடத்துல அந்த வார்த்தை வருதுன்னு பாத்து அர்த்தம் எடுத்துக்கணும்.

இதுக்கெல்லாம் எதிர்த் திசையில மேல் வலதுல இருந்து கீழ் இடதுக்கு ஒரு கோடு போகுது பாருங்க, அது ஆன்டிடயகனல். செகண்டரி டயகனல், கவுண்டர் டயகனல்னும் சொல்வாங்க. இதுக்கு கழித்தல் வேலை செய்யாது, கூட்டல்தான்: நிரை நம்பரும் நிரல் நம்பரும் கூட்டினா எப்பவும் என் ப்ளஸ் 1 வரும். 5க்கு 5ல 6. பேண்ட் சம்பந்தப்பட்ட எந்தப் பேருக்கும் இந்தக் கோட்டோட உறவு இல்ல, அதனால இத தெரிஞ்சி வெச்சிகினு ஒதுக்கி வெச்சிடுங்க.

படி 3: பேரு சொல்றது பூஜ்யம் எங்க இருந்தே ஆகணும்னு

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு பத்தி மட்டும்தான் படிப்பேன்னா இத படிங்க.

டயகனல் மேட்ரிக்ஸ்னா என்னன்னு கேட்டா "டயகனல்ல மட்டும் நம்பர் இருக்கும்"னு நிறைய பேர் சொல்வாங்க. பாதி சரி. சரியான விதி: கழிச்சா 0 வராத எல்லா இடத்துலயும் பூஜ்யம் இருந்தே ஆகணும். மெயின் டயகனல்ல என்ன இருக்கணும்னு விதி ஒண்ணுமே சொல்லல. அங்க 7 இருக்கலாம், −3 இருக்கலாம், பூஜ்யமும் இருக்கலாம். அதனால 4, 0, 9 மூணும் டயகனல்ல இருந்து மத்ததெல்லாம் பூஜ்யமா இருக்கிற மேட்ரிக்ஸ் டயகனல் மேட்ரிக்ஸ்தான், எல்லாமே பூஜ்யமா இருக்கிற ஜீரோ மேட்ரிக்ஸும் டயகனல் மேட்ரிக்ஸ்தான். சரியா தப்பான்னு கேக்குற ஒன் மார்க் கேள்வியில இது வந்தா யோசிக்காம சரின்னு போடுங்க.

இதே மாதிரிதான் இனிமே வர்ற எல்லாப் பேரும். ட்ரைடயகனல்னா மூணு கோட்டுக்கு வெளிய பூஜ்யம், அந்த மூணு கோட்டுக்கு உள்ள என்ன வேணா இருக்கட்டும். அதனால ஒரு டயகனல் மேட்ரிக்ஸ் பைடயகனலும்தான், ட்ரைடயகனலும்தான், பென்டாடயகனலும்தான். சின்ன வட்டம் பெரிய வட்டத்துக்குள்ள இருக்கு, அவ்ளோதான்.

டயகனல் மேட்ரிக்ஸ்ல எல்லா டயகனல் உறுப்பும் ஒரே நம்பரா இருந்தா ஸ்கேலார் மேட்ரிக்ஸ், தமிழ்ல திசையிலி அணி. அந்த நம்பர் 1 ஆனா ஐடென்டிட்டி, அதாவது அலகு அணி. டயகனல் மேட்ரிக்ஸ ஏன் எல்லாருக்கும் பிடிக்குதுன்னா டிடர்மினன்ட் வேணும்னா டயகனல பெருக்கினா போதும், ஐகன்வேல்யூ வேணும்னா டயகனல படிச்சா போதும், இன்வெர்ஸ் வேணும்னா ஒவ்வொரு உறுப்பையும் தலைகீழாக்கினா போதும் (ஒண்ணுகூட பூஜ்யமா இருக்கக்கூடாது). சதுரமா இல்லாத மேட்ரிக்ஸுக்கும் இந்தப் பேரு செல்லும், எஸ்.வி.டி (சிங்குலர் வேல்யூ டீகம்போசிஷன்) படிக்கும்போது நடுவுல வர்ற சிக்மா மேட்ரிக்ஸ் 5க்கு 3ன்னு இருந்தாலும் அத ரெக்டாங்குலர் டயகனல்னு சொல்றாங்க, கழிச்சா 0 வராத இடமெல்லாம் பூஜ்யம், அதே விதி.

படி 4: ஒரு பக்கம் மட்டும் பூஜ்யம்

கழிச்சா மைனஸ் வர்ற இடமெல்லாம் பூஜ்யம்னா அப்பர் ட்ரையாங்குலர், மேல் முக்கோண அணி. ப்ளஸ் வர்ற இடமெல்லாம் பூஜ்யம்னா லோயர் ட்ரையாங்குலர். மெயின் டயகனலும் சேத்து பூஜ்யமா இருந்தா "ஸ்ட்ரிக்ட்லி"ன்னு முன்னாடி ஒட்டிக்கும், மெயின் டயகனல் முழுக்க 1 ஆ இருந்தா "யூனிட்" ஒட்டிக்கும். ஒரு மேட்ரிக்ஸ லோயர் (எல்), அப்பர் (யூ)ன்னு ரெண்டு முக்கோண அணியோட பெருக்கலா எழுதுறதுதான் எல்.யூ, அப்படி பிரிக்கும்போது எல் பொதுவா யூனிட் லோயர் ட்ரையாங்குலர்.

அப்பர் ட்ரையாங்குலர்ல சப்டயகனலுக்கு மட்டும் விலக்கு குடுத்தா, அதாவது −2, −3ன்னு கீழ போற இடத்துல மட்டும் பூஜ்யம் கட்டாயம்னா, அதுக்குப் பேரு அப்பர் ஹெசன்பர்க். கார்ல் ஹெசன்பர்க்ங்கிற ஜெர்மன் இன்ஜினியர் பேருல வந்தது. இது எதுக்குன்னா, கம்ப்யூட்டர்ல ஐகன்வேல்யூ கண்டுபிடிக்கிற க்யூ.ஆர் முறை எடுத்த எடுப்புல மேட்ரிக்ஸ ஹெசன்பர்க் வடிவத்துக்குக் கொண்டு வந்துட்டுத்தான் வேலைய ஆரம்பிக்கும். மேட்ரிக்ஸ் சிமெட்ரிக்கா இருந்தா கீழ பூஜ்யம் வந்தா மேலயும் பூஜ்யம் வந்துடும், அப்ப அது ட்ரைடயகனல் ஆயிடும். அப்பரும் லோயரும் ரெண்டு ஹெசன்பர்க்கும் ஒண்ணா சேந்தா ட்ரைடயகனல், இத ஒரு தடவ வரைஞ்சி பாத்துட்டா மறக்காது.

படி 5: பைடயகனல், ட்ரைடயகனல்

பைடயகனல்னா மெயின் டயகனலும் அதோட ஒட்டின ஒரே ஒரு கோடும். சூப்பர்டயகனல் சேந்தா அப்பர் பைடயகனல், சப்டயகனல் சேந்தா லோயர் பைடயகனல். ஜோர்டான் ஃபார்ம்ல வர்ற ஒவ்வொரு ஜோர்டான் ப்ளாக்கும் அப்பர் பைடயகனல்தான், மெயின்ல ஒரே ஐகன்வேல்யூ, சூப்பர்டயகனல்ல எல்லாம் 1. எஸ்.வி.டி போடுற ப்ரோகிராமும் வழக்கமா முதல்ல பைடயகனலாத்தான் மாத்தும்.

ட்ரைடயகனல்னா −1, 0, 1 மூணு கோடு. இத நம்ம ஊர் ரயில் லைன்லயே பாக்கலாம். பெரிய ஸ்டேஷன் மட்டும் எடுத்து நம்பர் போடுங்க: 1 அரக்கோணம், 2 வாலாஜா ரோடு, 3 காட்பாடி, 4 குடியாத்தம், 5 ஆம்பூர், 6 வாணியம்பாடி, 7 ஜோலார்பேட்டை. ரெண்டு ஸ்டேஷன் பக்கத்துப் பக்கத்துல இருந்தா அந்த இடத்துல −1, இல்லன்னா 0, மெயின் டயகனல்ல அந்த ஸ்டேஷனுக்கு இந்தப் பட்டியல்ல எத்தன பக்கத்து ஸ்டேஷனோ அந்த எண்ணிக்க. இத கிராஃப் லப்லாசியன்னு சொல்வாங்க. குடியாத்தம் நிரைய எழுதினா காட்பாடிக்கு −1, தனக்கு 2, ஆம்பூருக்கு −1, மத்ததெல்லாம் 0. எல்லா ஸ்டேஷனும் வரிசையா ஒரே லைன்ல இருக்கிறதால முழு மேட்ரிக்ஸும் ட்ரைடயகனல்.

ட்ரைடயகனல் எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் அடியில இந்த மாதிரி ஒரு "பக்கத்துல இருக்கிறவன் மட்டும்தான் பாதிப்பான்"ங்கிற விஷயம் இருக்கும். ஒரு கம்பியில சூடு பரவுற கணக்கு, க்யூபிக் ஸ்ப்லைன், ரெண்டாவது டெரிவேட்டிவ மைனஸ் போட்டு −1, 2, −1ன்னு எழுதுறது, எல்லாம் இதே வடிவம்.

லாபம் எவ்ளோன்னு பாருங்க. என்-க்கு-என் ட்ரைடயகனல்ல பூஜ்யமில்லாம இருக்கக்கூடிய இடம் 3 என் − 2 மட்டும். என் 10,000ன்னா முழு மேட்ரிக்ஸ்ல 10 கோடி இடம், ஒவ்வொண்ணுக்கும் 8 பைட்டுன்னா 800 எம்.பி. ட்ரைடயகனல்ல 29,998 இடம், ஏறக்குறைய 240 கே.பி. நேரமும் அப்படியேதான்: முழு காஸ் எலிமினேஷனுக்கு என் க்யூப்ல மூணுல ரெண்டு பங்கு, கிட்டத்தட்ட 67,000 கோடி ஆப்பரேஷன். ட்ரைடயகனலுக்குன்னே இருக்கிற தாமஸ் அல்காரிதத்துல சுமார் 8 என், அதாவது 80,000. "ட்ரைடயகனல்"னு அந்தப் பேர கண்டுபிடிக்கத் தெரிஞ்சவன் ஒரு நொடிகூட ஆகாம முடிக்கிற வேலைய தெரியாதவன் கம்ப்யூட்டர சூடாக்கி காத்துகினு இருப்பான். பேரு தெரிஞ்சிக்கிறது வெறும் மார்க்குக்கு இல்லன்னு நான் இவ்ளோ அழுத்திச் சொல்றது அதனாலதான்.

படி 6: பேண்ட்வித், இங்கதான் ஜாக்கிரத

−2ல இருந்து 2 வரைக்கும் அஞ்சு கோடுன்னா பென்டாடயகனல். ஏழுன்னா ஹெப்டாடயகனல். அதுக்கு மேல கிரேக்க எண்ணிக்க சொல்லிகினு போக முடியாது, அதனால பொதுவா ஒரு பேரு வெச்சாங்க: பேண்டட் மேட்ரிக்ஸ். மெயின் டயகனல சுத்தி ஒரு பட்டைக்கு வெளிய எல்லாம் பூஜ்யம்.

பட்டையோட அகலத்துக்கு ரெண்டு நம்பர் வேணும். மெயினுக்கு கீழ எத்தன கோடு வரைக்கும் பூஜ்யமில்லாம போகுதோ அது லோயர் பேண்ட்வித், மேல எத்தனையோ அது அப்பர் பேண்ட்வித். ரெண்டும் சமமா இருக்கணும்னு அவசியம் இல்ல. இதுவரைக்கும் பாத்த எல்லாப் பேரையும் இந்த ரெண்டு நம்பராலயே சொல்லிடலாம், கீழ் நம்பர முதல்ல சொல்றேன்: டயகனல் 0, 0. அப்பர் பைடயகனல் 0, 1. ட்ரைடயகனல் 1, 1. பென்டாடயகனல் 2, 2. அப்பர் ட்ரையாங்குலர் 0, என் − 1. அப்பர் ஹெசன்பர்க் 1, என் − 1.

சரி, இப்ப குழப்பம். வெறுமனே "பேண்ட்வித்"னு ஒரே நம்பர் சொன்னா அது என்ன நம்பர்? ஒரு புக்ல மொத்த கோடுங்களோட எண்ணிக்க, அதாவது கீழ் + மேல் + 1. இன்னொரு புக்ல ரெண்டுல பெருசு எதுவோ அது. சிமெட்ரிக் மேட்ரிக்ஸ் பேசுறவங்க ஒரு பக்க நம்பர "ஹாஃப் பேண்ட்வித்"னு சொல்றாங்க, அதுலயும் சிலர் மெயின் டயகனலயும் சேத்து எண்ணுவாங்க. அதனால ஒரே ட்ரைடயகனல் மேட்ரிக்ஸுக்கு ஒருத்தர் பேண்ட்வித் 3ன்னு எழுதுவார், இன்னொருத்தர் 1ன்னு எழுதுவார், ரெண்டு பேரும் சரிதான். எக்ஸாம்ல உங்க சிலபஸ் புக்ல என்ன டெஃபனிஷனோ அத ஒரு வரி எழுதிட்டு விடைய எழுதுங்க, திருத்துறவங்களுக்கும் சந்தேகம் வராது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்லன்னா கீழ், மேல்னு ரெண்டு நம்பரையும் தனித்தனியா குடுத்துடுங்க, மேட்லேப்ல இருக்கிற "பேண்ட்வித்" கமாண்டும் ரெண்டையும் தனித்தனியாத்தான் குடுக்கும், அதுதான் சுத்தமான வழி.

படி 7: நம்பர் மாத்தினா பட்டை மாறும்

ரயில் லைனுக்கு வாங்க. காட்பாடியில இருந்து வேலூர் கன்டோன்மென்ட்டுக்கு ஒரு கிளை போகுது. அத 8வது ஸ்டேஷனா கடைசியில சேத்தா என்ன ஆகும்? காட்பாடி 3, கன்டோன்மென்ட் 8, அதனால (3, 8)லயும் (8, 3)லயும் −1 வரும். கழிச்சா 5, −5. ட்ரைடயகனலா இருந்தது ஒரே ஒரு ஸ்டேஷனால பேண்ட்வித் 5, 5 ஆயிடுச்சு.

இப்ப ஸ்டேஷன மாத்தாம நம்பர மட்டும் மாத்துங்க. காட்பாடி 3, வேலூர் கன்டோன்மென்ட் 4, குடியாத்தம் 5, ஆம்பூர் 6, வாணியம்பாடி 7, ஜோலார்பேட்டை 8:

 1  −1   0   0   0   0   0   0
−1   2  −1   0   0   0   0   0
 0  −1   3  −1  −1   0   0   0
 0   0  −1   1   0   0   0   0
 0   0  −1   0   2  −1   0   0
 0   0   0   0  −1   2  −1   0
 0   0   0   0   0  −1   2  −1
 0   0   0   0   0   0  −1   1

பேண்ட்வித் 5ல இருந்து 2க்கு இறங்கிடுச்சு. (4, 5)ல பூஜ்யம் இருக்கு பாருங்க, கன்டோன்மென்ட்டுக்கும் குடியாத்தத்துக்கும் நேர் லைன் இல்ல, பட்டைக்கு உள்ள பூஜ்யம் இருந்தா தப்பே இல்ல, படி 3 ஞாபகம் வெச்சிக்கோங்க. இன்னும் குறைச்சி 1க்கு கொண்டு வர முடியுமான்னா முடியாது. 1ன்னா ஒவ்வொருத்தனுக்கும் முன்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன், ரெண்டே பக்கத்து ஸ்டேஷன்தான் இருக்க முடியும், காட்பாடிக்கோ மூணு. இதே மாதிரி சித்தூர் லைனையும் சேத்தா காட்பாடிக்கு நாலு பக்கத்து ஸ்டேஷன் ஆகும், அப்பவும் 2லயே அடக்கலாம்: வாலாஜா ரோடு 2, சித்தூர் 3, காட்பாடி 4, கன்டோன்மென்ட் 5, குடியாத்தம் 6. காட்பாடி நிரைய நீங்களே எழுதிப் பாருங்க. அஞ்சாவதா ஒரு பக்கத்து ஸ்டேஷன் வந்தாத்தான் 3 ஆகும்.

பெரிய மேட்ரிக்ஸ்ல கண்ணால பாத்து நம்பர் மாத்த முடியாது. அதுக்கு கத்தில்–மெக்கீ அல்காரிதம், 1969ல வந்தது. ஓரத்துல இருக்கிற ஒரு புள்ளியில ஆரம்பிச்சு, அதோட பக்கத்துல இருக்கிறதுங்களுக்கு அடுத்த நம்பர், அதுங்களோட பக்கத்துல இருக்கிறதுங்களுக்கு அதுக்கடுத்த நம்பர்னு அலை அலையா போடும், கனெக்‌ஷன் குறைவா இருக்கிறதுக்கு முதல் உரிமை. கிடைச்ச வரிசைய அப்படியே தலைகீழா திருப்பினா ரிவர்ஸ் கத்தில்–மெக்கீ, நடைமுறையில அதிகம் பயன்படுறது அதுதான். இதுல இருந்து ஒண்ணு புரிஞ்சிக்கணும்: பேண்ட்வித்ங்கிறது பிரச்னையோட குணம் மட்டும் இல்ல, நாம நம்பர் போட்ட விதத்தோட குணமும்தான். "ஸ்பார்ஸ்"ங்கிற பேரு அப்படி இல்ல, அது பூஜ்யம் நிறைய இருக்குன்னு மட்டும் சொல்லும், எங்க இருக்குன்னு சொல்லாது, நம்பர் மாத்தினாலும் ஸ்பார்ஸ் ஸ்பார்ஸ்தான்.

படி 8: ப்ளாக் வடிவம்

மேல இருக்கிற 8க்கு 8அ இன்னொரு விதமா வெட்டலாம். பழைய வட ஆற்காடுதான் இதெல்லாம், இப்ப 2019ல வேலூர் மாவட்டத்த பிரிச்சதுக்கப்புறம் அரக்கோணமும் வாலாஜாவும் ராணிப்பேட்டை மாவட்டம், காட்பாடி, கன்டோன்மென்ட், குடியாத்தம் வேலூர் மாவட்டம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை திருப்பத்தூர் மாவட்டம். 2, 3, 3ன்னு கோடு கிழிங்க. மெயின் டயகனல் மேல மூணு சின்ன மேட்ரிக்ஸ் உக்காந்திருக்கும். பக்கத்து மாவட்டத்தோட மட்டும் ஒரு −1 தொடர்பு, ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் நேர் தொடர்பு இல்ல, அந்த மூலை ரெண்டும் முழுக்க பூஜ்யம். இது ப்ளாக் ட்ரைடயகனல். மாவட்ட எல்லையில லைன் அறுந்திருந்தா மூணு சின்ன மேட்ரிக்ஸ் மட்டும் நிக்கும், அது ப்ளாக் டயகனல், மூணு தனித்தனி கணக்கு.

இத சொல்றதுக்கு இன்னொரு முக்கியமான காரணம் இருக்கு. சதுரமா கட்டம் போட்டு 2டி பாய்சன் சமன்பாடு போடும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் மேல, கீழ, இடம், வலம்னு நாலு பக்கம், தானும் சேத்து அஞ்சு. மேட்ரிக்ஸ்ல பூஜ்யமில்லாத டயகனல் அஞ்சுதான். உடனே பென்டாடயகனல்னு எழுதிடுறாங்க. சரியில்ல. ஒரு பக்கத்துக்கு 100 புள்ளின்னா அந்த அஞ்சு டயகனல் −100, −1, 0, 1, 100. பேண்ட்வித் 100. சரியான பேரு ப்ளாக் ட்ரைடயகனல், ஒவ்வொரு ப்ளாக்கும் 100க்கு 100. அஞ்சு கோடும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி −2ல இருந்து 2 வரைக்கும் நின்னாத்தான் பென்டாடயகனல். ஒட்டி இல்லாதத பென்டாடயகனல்னு நினைச்சி அதுக்கான ப்ரோகிராம்ல குடுத்தா விடை தப்பா வரும்.

படி 9: பெருக்கினா, பிரிச்சா, தலைகீழாக்கினா

கூட்டினா, கீழ் பக்கம், மேல் பக்கம் தனித்தனியா பாத்தா, பட்டை பெருசாகாது, ரெண்டுல அகலமானது எதுவோ அதுக்குள்ளயே அடங்கிடும். பெருக்கினா பேண்ட்வித் கூடும்: 1, 1 இருக்கிற ட்ரைடயகனல் ரெண்ட பெருக்கினா 2, 2, அதாவது பென்டாடயகனல். ஏன்னு ரயில்ல பாத்தா தெரியும், ஒரு தடவ ஒரு ஸ்டேஷன் தாண்டலாம்னா ரெண்டு தடவையில அதிகபட்சம் ரெண்டு ஸ்டேஷன்.

எல்.யூ பிரிச்சா (நிரை மாத்தாம பிரிக்க முடிஞ்சா) பட்டை காப்பாத்தப்படும். எல்-க்கு பழைய லோயர் பேண்ட்வித், யூ-க்கு பழைய அப்பர் பேண்ட்வித். ட்ரைடயகனல பிரிச்சா ரெண்டு பைடயகனல் வரும், தாமஸ் அல்காரிதத்தோட ரகசியம் இதுதான். நிரை மாத்தி பிவட் பண்ணா யூ-வோட அப்பர் பேண்ட்வித் பழைய கீழ் + மேல் வரைக்கும் வீங்கலாம்.

இன்வெர்ஸ் மட்டும் கருணையே காட்டாது. 2, −1 வெச்சி 3க்கு 3:

 2  −1   0
−1   2  −1
 0  −1   2

இதோட இன்வெர்ஸ், நாலுல ஒரு பங்கு பெருக்கல் கீழ இருக்கிறது:

 3   2   1
 2   4   2
 1   2   3

ஒரு பூஜ்யம்கூட இல்ல. அதனால பேண்டட் மேட்ரிக்ஸ் வந்தா இன்வெர்ஸ் எடுத்து பெருக்குற வேலையே வெச்சிக்காதீங்க, எல்.யூ போட்டு சால்வ் பண்ணுங்க. இந்த ஒரு விஷயத்த எத்தன பேருக்கு வேணா திரும்பத் திரும்ப சொல்லுவேன்.

பேரு ஒட்டி வர்றதால ஏமாத்துற சில பேருங்க

டயகனல், டயகனலைசபிள், டயகனலி டாமினன்ட் மூணும் மூணு விஷயம். டயகனலைசபிள்னா மேட்ரிக்ஸ் இப்ப முழுக்க நம்பரா இருந்தாலும் சரி, போதுமான ஐகன்வெக்டர் இருந்து ஒரு டயகனல் மேட்ரிக்ஸுக்கு சிமிலரா ஆக்க முடியும்னு அர்த்தம், பூஜ்யம் எங்கன்னு அது சொல்லாது. டயகனலி டாமினன்ட்னா ஒவ்வொரு நிரையிலயும் மெயின் டயகனல் உறுப்போட அளவு, அதே நிரையில இருக்கிற மத்ததோட அளவுங்கள கூட்டினதுக்குக் குறையாம இருக்கணும். கண்டிப்பா அதிகமா இருந்தா ஸ்ட்ரிக்ட்லி டாமினன்ட், அப்ப இன்வெர்ஸ் உறுதியா இருக்கு. சமமா இருந்தா அந்த உறுதி இல்ல: நம்ம ஸ்டேஷன் மேட்ரிக்ஸ்ல ஒவ்வொரு நிரையும் கூட்டினா 0, டயகனல் சரிசமமா நிக்குது, அதுக்கு இன்வெர்ஸே கிடையாது.

டோப்ளிட்ஸ்னா ஒவ்வொரு டயகனல்லயும் ஒரே நம்பர், ஓட்டோ டோப்ளிட்ஸ் பேருல. படி 1ல எழுதின கழித்தல் மேட்ரிக்ஸ் டோப்ளிட்ஸ்தான், ஆனா பேண்டட் இல்ல. ஆன்டிடயகனல் திசையில ஒரே நம்பர் வந்தா ஹேங்கல்.

படி 10: கம்ப்யூட்டர்ல எப்படி வெக்கிறது

இடத்தையே உறுப்பா எழுதின ஒரு மேட்ரிக்ஸ், லோயர் 1, அப்பர் 2:

11  12  13   0   0
21  22  23  24   0
 0  32  33  34  35
 0   0  43  44  45
 0   0   0  54  55

லீனியர் அல்ஜீப்ரா ரொட்டீன்கள் இருக்கிற லாபேக் லைப்ரரியும், பைத்தானோட சைபை லைப்ரரில இருக்கிற "சால்வ் பேண்டட்"டும் இத இப்படி வாங்கும்:

 *   *  13  24  35
 *  12  23  34  45
11  22  33  44  55
21  32  43  54   *

ஒவ்வொரு டயகனலும் ஒரு நிரையா படுத்துடுச்சு. மேல் டயகனல் மேல, கீழ் டயகனல் கீழ. முக்கியமா, எந்த உறுப்பும் தன்னோட நிரல விட்டு நகரல, 24 அப்பவும் நாலாவது நிரல், இப்பவும் நாலாவது நிரல். அதனாலதான் சூப்பர்டயகனலுக்கு இடது பக்கமும் சப்டயகனலுக்கு வலது பக்கமும் காலி இடம் வருது. இத மாத்தி இடது ஓரத்துல இருந்து நிரப்பிட்டா ப்ரோகிராம் எரர் காட்டாது, தப்பு விடைய அமைதியா குடுத்துடும், அதனால சின்ன மேட்ரிக்ஸ்ல ஒரு தடவ சரி பாத்துட்டுப் போங்க. நட்சத்திரம் இருக்கிற இடத்துல பூஜ்யம் போட்டா போதும், அத யாரும் படிக்க மாட்டாங்க.

லாபேக்ல ரொட்டீன் பேருங்க பாக்கவே பயமா இருக்கும், ஆனா இப்ப உங்களுக்கு படிக்க வரும். முதல் எழுத்து நம்பர் வகை, டி-ன்னா டபுள் பிரிசிஷன். அடுத்த ரெண்டு எழுத்து மேட்ரிக்ஸ் வடிவம்: ஜி.பி-ன்னா ஜெனரல் பேண்ட், ஜி.டி-ன்னா ஜெனரல் ட்ரைடயகனல், எஸ்.பி-ன்னா சிமெட்ரிக் பேண்ட், பி.டி-ன்னா பைடயகனல். கடைசியில எஸ்.வி வந்தா சால்வ். "டி ஜி பி எஸ் வி"ய கூப்பிடும்போது ஒண்ணு மட்டும் கவனிங்க, அதுக்கு லோயர் + அப்பர் + 1 நிரை குடுத்தா பத்தாது, மேல லோயர் பேண்ட்வித் அளவுக்கு இன்னும் சில நிரை காலியா சேத்துக் குடுக்கணும், பிவட் பண்ணும்போது யூ வீங்கும்னு படி 9ல பாத்தோமே, அந்த வீக்கத்துக்கான இடம் அது. நம்ம 5க்கு 5க்கு 4 நிரைக்கு பதிலா 5 நிரை. சைபைல இந்த இடத்த அதுவே ஒதுக்கிக்கும், நீங்க 4 நிரையும், லோயர் 1, அப்பர் 2ங்கிற ரெண்டு நம்பரும் குடுத்தா போதும், லோயர் முதல்ல.